காலி வரிகளின் மேல் ஒரு கோடு

ஸ்கோர் மேசையில் உட்காருவதற்கு முன்னால் அவர் கூடைக் கம்பத்தில் உள்ளங்கையை ஒரு முறை அழுத்தி எடுப்பார். செருப்பை மைதானத்துக்கு வெளியிலேயே கழற்றியிருப்பார். சட்டைப் பையில் செல்போன் இருக்காது, சாவிக்கொத்து இருக்காது. சாமி கும்பிடுகிறார் என்று வெளியூர் ஆட்டக்காரிகள் நினைத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு போட்டிகளில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது போட்டியில் கேட்டுவிட்டேன்.

"பழக்கம் சார்," என்றார். "ஷெட்டுக்குள்ள போறதுக்கு முந்தி வாசல்ல செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டு ஒடம்புல இருக்க கரண்டை எறக்கிட்டுத்தான் உள்ள காலை வைக்கணும். இங்கன வெடிமருந்து இல்லதான். அது கைக்குத் தெரியுமா?"

அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டிகளில் ஸ்கோரர். படிக்கிற காலத்தில் ஆடியவர், மூட்டு தேய்ந்த பிறகு மேசைக்கு வந்துவிட்டார். இரண்டு வேலைக்கும் ஒரே ஆள்தான் என்பது அவர் நகங்களில் தெரியும். நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் வெள்ளி நிறத்தில் அப்பியிருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. ஆட்டம் முடிந்ததும் ஷீட்டின் இளஞ்சிவப்பு நகலைக் கிழித்து என்னிடம் நீட்டுவார். அதன் வலது கீழ் மூலையில் மங்கலாக ஒரு வெள்ளிக் கட்டைவிரல் பதிந்திருக்கும். அப்படிப்பட்ட நகல்கள் என்னிடம் ஐம்பத்தேழு இருக்கின்றன.

எல்லாரும் அவரைப் போர்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர் தெரியும், எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது.

நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் புள்ளியியல் நடத்தியவன். விளையாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பல்கலைக்கழகத்தின் அணித் தேர்வுக் குழுவில் கணக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். அங்கே பிரச்சினை இதுதான். பல்கலைக்கழகத்துக்கு நான்கு மண்டலங்கள். ஏ மண்டலம் நகரம். பி மலையடிவாரம். சி நாங்கள், விருதுநகர், சிவகாசி, சாத்தூர். டி கடற்கரைப் பக்கம். ஒவ்வொரு மண்டலமும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் தனக்குள் ஆடி முடிக்கும். பிறகு எட்டு அணிகளை எடுத்து நகரத்தில் ஒரு பெரிய போட்டி. அது எப்போதும் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் வரும். நான்கு மண்டலச் சாம்பியன்களும் அதற்கு நேராகப் போய்விடுவார்கள். மீதி நான்கு இடம் யாருக்கு?

பலமான மண்டலத்தில் மூன்றாவதாக வந்த அணி, சோப்பளாங்கி மண்டலத்தில் இரண்டாவதாக வந்த அணியைவிட நன்றாக ஆடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எது பலமான மண்டலம் என்பதில்தான் அடிதடி. அதுவரை யார் மேசையை ஓங்கித் தட்டினார்களோ அவர்கள் மண்டலமே பலமானது. அந்தத் தட்டலைக் கேட்டு எனக்கு இரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம்.

ஒரு நாள் திருத்தங்கலில் ஆட்டம் முடிந்து, டீக்கடையில் நின்றுகொண்டு இதைப் போர்மேனிடம் புலம்பினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"பட்டாசு நல்ல பட்டாசான்னு எப்படிச் சார் பாப்பீக?"

"வெடித்துப் பார்க்க வேண்டியதுதான்."

"எங்கன வச்சு?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"கம்பெனிக்குள்ள வச்சு வெடிச்சா எல்லாக் கம்பெனி வெடியும் வெடிக்கும் சார். நேத்து செஞ்சது, நல்ல வெயில்ல காஞ்சது. அதுல என்ன இருக்கு? லாரி ஏறணும். வடக்க போகணும். அங்கன ஒரு ஈரக் குடோன்ல மூணு மாசம் கெடக்கணும். அதுக்கப்புறம் எவனோ ஒரு பய திரியைப் பத்த வைப்பான் பாருங்க, அப்ப வெடிக்கணும். நூத்துக்கு எம்புட்டு வெடிச்சுச்சோ அதான் கம்பெனியோட பலம். வாசலுக்கு வெளியதான் சார் கணக்கு. வாசலுக்கு உள்ள நடக்குறதெல்லாம் வெறும் சத்தம்."

அன்று வீட்டுக்கு வந்து அதை அப்படியே சூத்திரமாக எழுதினேன். மண்டலத்துக்குள் பெற்ற வெற்றிக்குப் பூஜ்யம். கடந்த மூன்று ஆண்டுகளில் பெரிய போட்டிக்கு எத்தனை அணி போனது, அதில் எத்தனை அணி முதல் ஆட்டத்தை ஜெயித்தது, எத்தனை அணி இறுதி ஆட்டம் வரை வந்தது. இந்த மூன்று எண்கள் போதும். குழு ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டது. மேசை தட்டுவது நின்றது. என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று அதைப் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரோடு சிவகாசியிலிருந்து விருதுநகருக்குப் பேருந்தில் வந்தது நினைவிருக்கிறது. எங்கள் மண்டலத்துக் கல்லூரி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியர் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தன் அணி அந்த ஆண்டு பத்து ஆட்டத்தில் பத்தும் ஜெயித்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எண்ணினேன், ஒன்பது முறை சொன்னார். பத்தாவது முறை வாயெடுத்தபோது போர்மேன் குறுக்கிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க பத்து ஜெயிச்சீகன்னா உங்ககிட்ட பத்துப் பேரு தோத்திருக்கான். அவனும் நம்ம மண்டலம்தான். ஒரு ஊருக்குள்ள அடிச்சிக்கிட்டா, அடிச்சவன் வீரனா, அடி வாங்குனவன் நோஞ்சானா? எதை வச்சுச் சொல்லுவீக?"

"ஏங்க, பத்துக்குப் பத்துங்க!"

"பத்துக்குப் பத்துதான். கூட்டிக் கழிச்சா மண்டலத்துக்கு முட்டை."

பேருந்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஆர்.ஆர். நகர் வரும்வரை சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தன் வீட்டு விஷயத்திலும் அவர் அப்படித்தான். மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தான். பையனைப் பற்றி அவன் ஊரில் விசாரித்த அத்தனை பேரும் தங்கம் என்றார்கள். இவர் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார். பையன் வேலை பார்க்கும் தெருவில் ஒரு நாள் முழுக்க நின்று, இஸ்திரி போடுகிறவரையும் மெஸ்காரரையும் கேட்டுவிட்டு வந்தார். "உள்ளூருல எவனும் தங்கம்தான் சார். அப்பன் பாத்துக்கிட்டு இருக்கான்ல?" என்றார். சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. கூட்டமென்றால் எனக்குப் பயம்.

தோற்றவர்களிடம் அவர் ஆறுதல் சொல்லி நான் பார்த்ததில்லை. பஸ் தாமதம், வயிற்று வலி, தரை வழுக்கியது என்று பெண்கள் மேசைக்கு வந்து அழுவார்கள். அவர் சிவப்புப் பேனாவை மூடி, நீலப் பேனாவை மூடி, இரண்டையும் இணையாக வைப்பார். "சாக்குக்கு இந்த ஷீட்டுல கட்டம் இல்ல தாயி," என்பார். குரலில் கடுமை இருக்காது. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வார். எனக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது. வகுப்பில்கூட இரண்டு மூன்று முறை உபயோகித்தேன்.

மேட்டுக் கல்லூரி என்று நாங்கள் சொல்லும் ஒரு சிறிய கல்லூரி சாத்தூர்ப் பக்கத்தில் அப்போது இருந்தது. கரட்டு மேட்டில் நான்கு கட்டடம், ஒரு கூடைப்பந்து மைதானம். அந்த மைதானத்துக்காக ஆறு பெண்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணமில்லாத இடம் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் பட்டாசு வேலை, தீப்பெட்டி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள். மற்ற ஆறு பேர் தாங்களாக ஆட வந்தவர்கள். கேப்டன் மாரீஸ்வரி. கையில் பந்து வந்தால் அடுத்த கணம் அது வேறு யாரிடமோ இருக்கும், அப்படி ஒரு கை. மண்டல ஆட்டங்களில் அவர்களை நிறுத்த ஆள் கிடையாது. ஆனால் பெரிய போட்டிக்குப் போனால் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிடுவார்கள். ஒரு வருடம் அல்ல, மூன்று வருடம்.

மூன்றாம் வருடத்து ஆட்டம் கண்ணில் நிற்கிறது. நகரத்து அணியோடு ஆடினார்கள். மேட்டுக் கல்லூரியிலிருந்து ஐந்தே பேர்தான் வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு ஐந்து பேர் வேண்டும், ஐந்து பேர் இருந்தார்கள். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. போர்மேன் ஷீட்டில் ஐந்து பெயரை எழுதினார். மீதி ஏழு வரிகளின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். விதி அப்படி. ஆள் இல்லாத வரியைத் திறந்து விடக்கூடாது, ஆட்டத்தின் நடுவே யாராவது புதுப் பெயரை நுழைத்துவிடுவார்கள்.

இடைவேளையில் பந்து மேசைப் பக்கம் உருண்டு வந்தது. எடுத்தேன். தோலின்மேல் சாம்பலும் வெள்ளியுமாக விரல் தடங்கள். கைக்குட்டையால் துடைத்தேன், முழுதும் போகவில்லை.

"என்னம்மா இது, கம்பத்துப் பெயின்ட்டா?"

மாரீஸ்வரி கையைப் பின்னால் கொண்டுபோனாள். "ஆமா சார். கம்பத்துப் பெயின்ட்டுதான்." உடனே போர்மேனைப் பார்த்தாள். "இல்லண்ணே?"

போர்மேன் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆட்டத்தைப் பாரு," என்றார்.

நான்காம் கால் பகுதியில் ஒருத்திக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்து வெளியேறினாள். மாற்றுவதற்கு ஆள் இல்லை. கடைசி ஆறு நிமிடத்தை நான்கு பேராக ஆடினார்கள். 31–58. அவர் ஷீட்டை மூடி, கையெழுத்துப் போட்டு, நகலைக் கிழித்துக் கொடுத்தார். வெள்ளிக் கட்டைவிரல் வழக்கம்போல மூலையில் இருந்தது.

அடுத்த ஆண்டு மண்டல இறுதியில் மேட்டுக் கல்லூரி ஒரே ஒரு புள்ளியில் தோற்று இரண்டாவதாக வந்தது. அதனால் நேரடி இடம் போயிற்று. தேர்வுக் குழு கூடியது. ஏழு இடங்கள் நிரம்பிவிட்டன. எட்டாவது இடம் ஏ மண்டலத்தில் நான்காவதாக வந்த அணிக்கா, சி மண்டலத்தில் இரண்டாவதாக வந்த மேட்டுக் கல்லூரிக்கா என்பது மட்டும் பாக்கி. அந்தக் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை கூட்டத்துக்கு வந்திருந்தார். ஒல்லியான பெண்மணி, கழுத்தில் விசில் தொங்கியது, கழற்ற மறந்திருக்க வேண்டும். நிர்வாகம் சொல்லிவிட்டது என்றார். இந்த வருடம் பெரிய போட்டிக்குப் போகாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள். விளையாட்டு ஒதுக்கீடு அடுத்த பருவத்திலிருந்து கிடையாது. ஆறு பெண்களும் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். கட்டக்கூடிய வீடு ஒன்றுகூட இல்லை.

நான் எண்களை வாசித்தேன். மூன்று ஆண்டுகளில் ஏ மண்டலம் ஒன்பது அணிகளை அனுப்பியிருக்கிறது, ஏழு முதல் ஆட்டத்தை ஜெயித்திருக்கின்றன. சி மண்டலம் ஆறு அனுப்பியிருக்கிறது, ஒன்று ஜெயித்திருக்கிறது. இறுதி ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

"சார், அது அப்படி இல்ல சார்," என்றார் அந்த ஆசிரியை. "தீபாவளிக்கு முந்தி எங்க புள்ளைகளுக்கு..."

"மேடம்," என்றேன். "சாக்குக்கு ஷீட்டில் கட்டம் இல்லை."

இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த போர்மேனைப் பார்த்தார். பழைய ஷீட்டுகளைச் சரிபார்க்க அவரை வரச்சொல்லியிருந்தோம்.

"அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாதா?"

அறையில் பதினோரு பேர் இருந்தோம். எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் மடியில் ஷீட்டுக் கட்டு இருந்தது. வலது உள்ளங்கை இரும்பு நாற்காலியின் காலை அழுத்திக்கொண்டிருந்தது.

"சார் போட்ட கணக்கு சரிதான்," என்றார்.

எட்டாவது இடம் ஏ மண்டலத்துக்குப் போயிற்று. அந்த அணி இறுதி ஆட்டம் வரை வந்தது. பார்த்தீர்களா, சூத்திரம் எவ்வளவு சரி என்று குழுத் தலைவர் என் தோளில் தட்டினார். அடுத்த ஜூனில் மேட்டுக் கல்லூரி மைதானத்தில் கல்லூரிப் பேருந்துகள் நின்றன. போர்மேன் அதன் பிறகு மேசைக்கு வரவில்லை. சீசன் அதிகம், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அனுப்பினார். புது ஸ்கோரரின் ஷீட்டில் அடித்தலும் திருத்தலும் மலிந்தன. எனக்கு அது மட்டும்தான் குறையாகத் தெரிந்தது.

பல வருடம் ஆகிவிட்டது. ஓய்வு பெற்றேன். மனைவி போய்ச் சேர்ந்தாள். போன தையில் வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய காகிதக் கட்டுகளைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஐம்பத்தேழு நகல்கள். நான் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டதெல்லாம் அடியில் இருக்கும் இரண்டு எண்களைத்தான், ஜெயித்தது எவ்வளவு, தோற்றது எவ்வளவு. மேலே இருந்த பெயர்களை ஒரு நாளும் படித்ததில்லை.

அன்று வேறு வேலை இல்லாததால் மேலிருந்து படித்தேன். மேட்டுக் கல்லூரி, மண்டல ஆட்டங்கள்: பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு பெயர். பெரிய போட்டி: முதல் வருடம் ஏழு பெயர், அதற்குக் கீழே கோடு. இரண்டாம் வருடம் ஆறு பெயர், கோடு. மூன்றாம் வருடம் ஐந்து. சிவகாசிக் கல்லூரியின் ஷீட்டுகளை எடுத்தேன். அங்கேயும் எட்டு, ஏழு, கோடு. நகரத்து அணிகளைப் பார்த்தேன். எல்லாம் பன்னிரண்டு, ஒரு கோடுகூட இல்லை. எங்கள் மண்டலம் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் ஸ்கேல் வைத்து இழுத்த நேரான நீலக்கோடு. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால். பந்தின்மேல் இருந்த வெள்ளித் தடங்கள் நினைவுக்கு வந்தன. கம்பி மத்தாப்பைப் பத்துப் பத்தாக எண்ணிப் பெட்டியில் அடுக்கினால் விரலில் ஒட்டும் நிறம் அது. இந்த ஊரில் அறுபத்தெட்டு வருடமாக இருக்கிறேன், எனக்கு அது தெரியும்.

அன்று மாத்திரை போட மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் அச்சங்குளத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவரும் கிழவராகியிருந்தார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"வாங்க சார், வாங்க. இம்புட்டுத் தூரம்... சாப்பிட்டீகளா?"

நான் மூன்றாம் வருடத்து ஷீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கோட்டின்மேல் விரலை வைத்தேன். குனிந்து பார்த்தார்.

"இப்பத்தான் பாத்தீகளா?" என்றார்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"சொல்றதுக்கு என்ன சார்? ஷீட்டுல போட்டுத்தான குடுத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "சீசன் சார். லோடு நிக்கும். கிப்ட் பாக்ஸ் பேக்கிங்குக்குக் கை வேணும். பந்து ஆடுற புள்ளைக கை மாதிரி கை எங்கன கெடைக்கும்? மத்தவளுக ஒரு பெட்டி போடுற நேரத்துல இவளுக ரெண்டு போடுவாளுக. மொதலாளியே கேப்பாரு, அந்த பேஸ்கட்பால் புள்ளைக வந்துருச்சான்னு."

"நீங்கள்தான் கூப்பிட்டீர்களா?"

"நாளைக்கு வர்ற ஆளு லிஸ்ட்டை முந்தின நாள் சாயங்காலம் நான்தான் சார் எழுதணும். அந்த ஏழு பேரையும் அதுல எழுதுனேன். காலைல பஸ் ஏறி வந்து இதுல கோடு போட்டேன். எனக்கு மட்டும் ரெண்டு நாள் லீவு குடுத்திருந்தாக. ஸ்கோர் எழுதணுமே." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "வந்த அஞ்சு பேரும் முந்தின நா சாயங்காலம் வரைக்கும் மத்தாப்பு அடுக்குனவளுகதான். கையைக் கழுவிட்டு வாங்கடின்னேன். கழுவுனா போகுற கையா அது?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "கூட்டத்தில் அந்த அம்மாள் உங்களைத்தானே கேட்டார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இடம் கொடுத்திருப்போம்."

"குடுத்திருப்பீக சார். அந்த இடத்துக்கு ஆளு எங்க? அந்த வருசமும் லிஸ்ட்டு நான்தான எழுதியிருப்பேன்? இன்னொரு ஷீட்டு, இன்னொரு கோடு." கையை விரித்துக் காட்டினார். நகக்கண்ணில் இப்போதும் வெள்ளி இருந்தது. "வாசலுக்கு வெளிய நடக்குறதுதான் கணக்குன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். வாசல்ல நின்னு புடிச்சு வச்சவனும் நான்தான். அதை எப்படிச் சார் பதினோரு பேருக்கு முன்னால சொல்லுவேன்?"

மாரீஸ்வரி என்ன ஆனாள் என்று கேட்டேன்.

"இங்கனதான். பேக்கிங்குல மேஸ்திரி. லிஸ்ட்டு இப்ப அவதான் எழுதுறா."

வெளியே ஒரு வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. வழக்கம்போல எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

"பேனா வச்சிருக்கீகளா?" என்றார்.

கொடுத்தேன். வாங்குவதற்கு முன்னால் அவர் சன்னல் கம்பியில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தார். பிறகு ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு, தான் இழுத்த கோட்டின் மேலேயே எழுத ஆரம்பித்தார். எழுத்து கட்டத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஜெர்சி எண். யோசிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஐந்தாவது பெயரை எழுதி முடித்ததும் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இவ இப்ப இல்ல சார்."

எங்கள் பக்கத்தில் இப்படிச் சொன்னால், எப்படிப் போனாள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அவர் ஆறாவது பெயரையும் ஏழாவது பெயரையும் எழுதி, ஷீட்டை என்னிடம் கொடுத்தார். இடம் தேடிக் கட்டைவிரலை வைத்துப் பிடித்தது அதே மூலையில்.

திரும்பும்போது பேருந்தில் அதை எடுத்துச் சரிபார்த்தேன். பழைய பெயர் ஐந்து, புதிய பெயர் ஏழு. ஜெர்சி எண்கள் நான்கிலிருந்து பதினைந்து வரை, ஒன்றும் விடுபடவில்லை. பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். மறுபடியும் ஒரு முறை எண்ணினேன், பன்னிரண்டுதான். அடியில் 31–58 என்று இருந்தது. அதன் கீழே அவர் கையெழுத்து, அதற்கும் கீழே, சரிபார்க்கப்பட்டது என்று, அன்றைக்கே போட்ட என்னுடையது.